கேட்டதைக் கொடுக்காத சாமி

ஒரு சொத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால், ஆதாரமெழுத்து ஆபீஸில் நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம். முன்னாதாரம் யார் பேரில் இருக்கிறது, வில்லங்கம் ஏதும் உண்டா, இப்போது அனுபோகத்தில் இருப்பது யார். நாகர்கோவிலில் அந்த வேலையில்தான் என் காலம் போனது. அதனால் நாகராஜா கோயில் சமணர்களுடையதா நம்முடையதா என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது வாய்ச்சண்டை தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வரும். ஒருவர் முன்னாதாரத்தைக் காட்டுவார், மற்றவர் அனுபோகத்தைக் காட்டுவார். இரண்டும் மெய். ஆனால் சாமி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதாகக் காணோம்.

முதலில் முன்னாதாரம். கோயிலின் கல்வெட்டுகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, கொல்லம் ஆண்டுக் கணக்கில் வெட்டியவை. 1956இல் எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் எழுதிய ஆதாரங்களிலும் அதே கணக்குத்தான். எண்ணைப் பார்த்ததும் 825ஐக் கூட்டி இங்கிலீஷ் வருஷத்தைச் சொல்லிவிடுவோம். வேணாட்டு அரசன் பூதலவீர உதயமார்த்தாண்டன் காலத்தில் கோயிலுக்கு நிலம் விட்ட செய்தியில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. இரண்டு பேரும் சமணர்கள். சம்பந்தரோடு சமணம் முடிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்: சம்பந்தருக்கு எண்ணூறு வருஷத்துக்கும் மேல் பிந்தி, விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், நாஞ்சில் நாட்டு நடுவில் சமணப் பண்டிதர்கள் பேரில் நிலம் இருந்திருக்கிறது. சன்னதிக்கு முன்னால் இருக்கும் மண்டபத் தூண்களில் இன்றைக்கும் பார்சுவநாதர் இருக்கிறார், மகாவீரர் இருக்கிறார், பத்மாவதி இருக்கிறாள். எல்லாம் சின்னச் சின்ன உருவங்கள். தேடிப் போனால்தான் தெரியும்.

அனுபோகத்துக்கு ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். விடியும் முன்னே வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். மஞ்சள் பொடிப் பொட்டலமும் பாலுமாகப் பெண்கள். அரசமரத்தடி நாகர் சிலைகள் மஞ்சளிலும் பாலிலும் ஊறி, எது படம் எது உடம்பு என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நாகராஜாவுக்கு ஓலைக் கூரைதான். பக்கத்திலேயே அனந்தகிருஷ்ணனுக்குக் கல்லால் கட்டிய சன்னதி இருக்க, ஊருக்கே பெயர் கொடுத்தவர் ஓலைக்குக் கீழே இருக்கிறார். பிரசாதம் மண். கருவறைத் தரையிலிருந்து அள்ளிய ஈர மண். ஆறு மாசம் கறுப்பாகவும் ஆறு மாசம் வெளுப்பாகவும் இருக்கும் என்று சொல்வார்கள். கையில் வாங்கினால் சில்லென்று இருக்கும். நெற்றியில் இட்டால் காய்ந்து தோலை இழுக்கும். வாசற்படியில் இரண்டு பக்கமும் காவலுக்குப் படமெடுத்த நாகங்கள். அவை தரணேந்திரனும் பத்மாவதியும் என்று சொல்பவர்கள் உண்டு.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த வரிசையில் நான் நின்றது அதற்காகத்தான். கல்யாணமாகி முதல் வருஷம் தாண்டியதுமே மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். “மனசறிஞ்சு கேளு மக்களே, இங்க கேட்டுக் கிட்டாத்தவ கிடையாது, கேட்டியா” என்றாள். நல்ல மனுஷி. குத்திக் காட்டத் தெரியாதவள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவள் செத்த பிறகும் என்னை விடவில்லை. கேட்டுக் கிட்டாதவள் கிடையாது என்றால், கேட்டும் கிட்டாத நான் யார்? அதற்கு ஊரில் பதில் தயாராக இருந்தது. நாகதோஷம் என்றார்கள். போன பிறவியில் பாம்பை அடித்திருப்பாய் என்றார்கள். வேண்டுதலில் குறை, விரதத்தில் குறை, மனசில் குறை. கொடுக்கிற சாமியின் கோயிலில் கொடுக்கப்படாதவள் பேரில் எப்போதும் ஒரு குற்றப்பத்திரிகை ஓடிக்கொண்டே இருக்கும். சாமி அதை எழுதவில்லை, சரி. ஆனால் அவர் கொடுப்பவர் என்று ஆனபிறகு அதை யாராவது எழுதாமல் இருக்க முடியாது.

அப்படி வரிசையில் நிற்கும்போதுதான் தூணில் இருந்த பார்சுவநாதரைக் கவனித்தேன். தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருத்தி அவரையும் நாகர் என்று எண்ணி நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் யார் என்று எனக்கும் அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன்.

கதை இது. பார்சுவன் காசி இளவரசன். நாலு பக்கமும் தீ மூட்டி நடுவில் தவமிருந்த ஒரு முனிவனிடம், “உன் விறகுக்குள் பாம்பு எரிகிறது” என்கிறான். பிளந்து பார்த்தால் பாதி வெந்த பாம்பு இணை. அவற்றின் காதில் மந்திரம் ஓதுகிறான். செத்து மறுபிறவி எடுத்த அந்தப் பாம்புகள்தான் தரணேந்திரனும் பத்மாவதியும். அவமானப்பட்ட முனிவன் கமடன் அடுத்த பிறவியில் அசுரனாகி, துறவியாக நின்ற பார்சுவர் மீது மழையும் பாறையுமாகக் கொட்டுகிறான். தரணேந்திரன் வந்து படத்தைக் குடையாக விரிக்கிறான். நம் ஊர்ப் புராணமாக இருந்தால் இதற்கு மேல் ஒரு காட்சி உண்டு: சாமி கண் திறந்து பாம்புக்கு வரம் கொடுப்பார், அசுரனைச் சாம்பலாக்குவார். சமணக் கதையில் அது கிடையாது. பாறையைத் தூக்கிப் போட்டவன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. குடை பிடித்தவன் மேல் தனிப் பிரியமும் இல்லை. இரண்டு பேரும் அவருக்கு ஒன்று. அந்த நிலையில்தான் அவருக்கு எல்லாம் அறியும் கேவல ஞானம் கிடைக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குடை பிடித்தவனுக்கு ஒரு பார்வைகூடவா கிடையாது?

சமணத்தின் அடித்தளமே இதுதான் என்று மெல்லப் புரிந்தது. தீர்த்தங்கரர் இருபத்து நான்கு பேர்; பார்சுவர் இருபத்து மூன்றாமவர், மகாவீரர் கடைசி. எல்லோரும் பற்றறுத்து விடுபட்டவர்கள். விடுபட்டவருக்கு விருப்பு இல்லை, வெறுப்பு இல்லை. விருப்பு இல்லாதவர் எப்படி வரம் கொடுப்பார்? அவர்களுக்குப் பூசை உண்டு, பாலாபிஷேகம் உண்டு, கோயில் உண்டு. ஆனால் பூசை செய்கிறவன் மனசுக்குத்தான் அதனால் பலன். அந்தப் பக்கமிருந்து எதுவும் வராது. அவர்களுடைய முதன்மையான மந்திரத்தில் அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என ஐந்து நிலையினருக்கு வணக்கம் சொல்கிறார்கள். வணக்கம் மட்டும். இதைத் தா, அதைக் காப்பாற்று என்று ஒரு சொல் கிடையாது. ‘கொடு’ என்ற வினை இல்லாமல் ஒரு பிரார்த்தனையை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? நான் முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டாவது வரியிலேயே ஏதாவது ஒரு விண்ணப்பம் நுழைந்துவிடும்.

அப்படியானால் பாவப்பட்ட ஜனங்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? மழை வேண்டும், நோய் தீர வேண்டும், பிள்ளை வேண்டும். அதற்குச் சமணமே ஒரு வாசல் திறந்து வைத்திருந்தது: தீர்த்தங்கரருக்குக் காவலாக இருக்கும் இயக்கனும் இயக்கியும். அவர்கள் விடுபட்டவர்கள் இல்லை. நம்மைப் போலவே பிறவிச் சுழலில் இருப்பவர்கள், சக்தி மட்டும் கூடியவர்கள். கேட்டால் காது கொடுப்பார்கள். தரணேந்திரனும் பத்மாவதியும் பார்சுவருக்கு. நேமிநாதருக்கு அம்பிகை, தமிழ்ச் சமணர்களுக்கு அவள் தருமதேவி.

அந்த அம்பிகையைப் பார்க்க வேண்டுமென்றால் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் போக வேண்டும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எழும்பிய பாறைக் குன்று. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. தொல்லியல் துறை போட்ட கல் பாதையில் ஏறினால் மேலே ஒரு பெரும்பாறை அடுத்ததன் மேல் சாய்ந்து நிற்கும். அதற்கு அடியில் கோயில். பார்சுவநாதருக்கும் இன்னொரு தீர்த்தங்கரருக்கும் தேவிக்குமாக மூன்று சன்னதி. வெளியே பாறை முகப்பில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல் முக்குடையோடு. பெரும்பாலானவர்களுக்கு ஒரே முகம், ஒரே அமர்வு. ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்துச் சொல்ல நமக்கு வராது. பிரித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்த மாதிரித் தெரியவில்லை. அந்த வரிசையில் அம்பிகை வேறு மாதிரி. இடுப்பை ஒசித்து நிற்கிறாள், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், சிங்கம்.

அவள் கதை எனக்குப் பிடித்த கதை. ஒரு பிராமணன் மனைவி. வீட்டில் திதி. பிதிர்களுக்குச் சமைத்த சோற்றை வாசலில் வந்த சமணத் துறவிக்கு எடுத்துப் போட்டுவிடுகிறாள். புருஷன் பிள்ளைகளோடு வெளியே தள்ளுகிறான். பசித்த பிள்ளைகளுக்காகப் பட்டுப்போன மாமரம் காய்க்கிறது, வற்றின குளம் நிறைகிறது. மனசு மாறி அவன் தேடி வருகிறான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து அவள் கிணற்றில் விழுந்து உயிரை விடுகிறாள். அவள் இயக்கியாகிறாள், அவன் சிங்கமாகப் பிறந்து அவளைச் சுமக்கிறான். இதைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. முப்பந்தலில் இசக்கி அம்மனுக்குத் தொட்டில் கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அநியாயமாகச் செத்த பெண் தெய்வமான கதையைத்தான் சொல்வார்கள். கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கிக்கும் இந்த அம்பிகைக்கும் உறவு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த மலைக்கோயில் பகவதி கோயிலாகிவிட்டது. எப்படி ஆனது என்பதற்கு இரண்டு கதைகள் புழக்கத்தில் உண்டு. அடித்துப் பிடுங்கினார்கள் என்பது ஒன்று. ஆகா, எல்லோரும் கைகோத்து ஒற்றுமையாக இருந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. மதுரைப் பக்கத்துக் கழுவேற்றக் கதைகளை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டியதில்லை. சிதறால் பாறையில் முகங்கள் சிதையாமல் இருக்கின்றன. ஒற்றுமைக் கதையும் சுத்தமில்லை. ஒற்றுமையாக இருந்திருந்தால் பண்டிதர்களும் துறவிகளும் எங்கே போனார்கள்? அவர்களுக்குச் சோறு போட ஒரு தலைமுறையில் ஆள் குறைந்திருக்கும், அடுத்த தலைமுறையில் இல்லாமலே போயிருக்கும். அதற்குள் விளக்கேற்றிக் கேட்டுப் பழகிய ஜனங்கள் கேட்பதை நிறுத்தியிருக்க மாட்டார்கள். எஜமான் ஒன்றும் பேசாதவர் என்றால் காலப்போக்கில் காரியஸ்தன் பேருக்குச் சொத்து மாறும். நாகர்கோவிலில் குடை பிடித்த பாம்பு மூலவராயிற்று. சிதறாலில் பக்கத்தில் நின்ற தேவி பகவதியானாள். கேரளத்தில் பெரும்பாவூர்ப் பக்கம் கல்லில் என்ற இடத்துக் குகைக் கோயிலிலும் பத்மாவதியைத்தான் பகவதியாகக் கும்பிடுகிறார்கள் என்பார்கள். எல்லா இடத்திலும் கைமாறிப் பிழைத்தது கொடுக்கிற தெய்வம். கொடுக்காதவர் பாறையிலும் தூணிலும் அப்படியே விட்டுவைக்கப்பட்டார்.

இதைத் தத்துவத்தின் வீழ்ச்சி என்று சொல்லும் படித்தவர்கள் உண்டு. உயர்ந்த துறவு மதம், பாமரர் கையில் பட்டு மஞ்சளும் பாலுமாகிவிட்டதாம். சிதறால் கல்வெட்டு ஒன்று இந்தப் பேச்சுக்கு நல்ல பதில். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலம், அதாவது 9ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலைப் படாரியாருக்குப் பொன் கொடுத்த செய்தி அது. மலைமேல் இருந்த தேவிக்கு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். குரத்தி என்றால் துறவுபூண்ட ஆசிரியை, சமணத்தின் உள்ளுக்குள்ளேயே ஊறியவள். விடுபட்டவர் எதையும் கொடுக்க மாட்டார் என்று மற்றவர்களுக்குப் பாடம் சொல்லியிருப்பாள். அவளே தேவிக்குப் பொன் வைக்கிறாள். (துறவிக்குப் பொன் ஏது என்று என் ஆபீஸ் புத்தி கேட்கத்தான் செய்கிறது. யாரோ அவள் கையில் கொடுத்திருப்பார்கள்.) இந்த மலையின் குரத்தியருக்குக் கழுகுமலை வரைக்கும் பேர் இருந்திருக்கிறது, அங்கே கல்வெட்டில் திருச்சாரணத்துக் குரத்திகள் என்று வருகிறது. ஆகவே பகவதிக்கான வாசலை வெளியிலிருந்து யாரும் இடித்துத் திறக்கவில்லை. குரத்தி திறந்து வைத்திருந்த வாசல் அது.

கொடுக்காத சாமியிடம் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அந்தக் குற்றப்பத்திரிகை நின்றது என்பேன். பார்சுவர் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் கேட்டுக் கிட்டாதவள் இல்லை. அங்கே யாருக்குமே எதுவும் கிட்டாது. எட்டுப் பிள்ளை பெற்றவளும் நானும் அவருக்கு ஒன்று. முதலில் எந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்ததோ அந்த இடத்திலேயே மூச்சு விட முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருப்பது தெரியாமல் இல்லை. சமணம் சும்மா விட்டுவிடுகிற மதம் கிடையாது. வினை என்பது அவர்களுக்குத் தூசி மாதிரி உயிரில் வந்து ஒட்டும் நிஜப் பொருள். ஒட்டியதைத் தவத்தால் உதிர்க்கும்வரை பலனை அனுபவித்தே ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்குப் பிள்ளை இல்லாததற்கும் என் பழைய வினைதான் காரணம் என்று வரும். நாகதோஷம் சொன்ன ஜோசியர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே? பலமுறை இதை மனசுக்குள் புரட்டியிருக்கிறேன். ஒரு வித்தியாசம் படுகிறது. ஜோசியர் சொன்ன கணக்கில் கோபித்துக்கொண்ட ஒருவர் இருந்தார், அவரைச் சமாதானப்படுத்தப் பரிகாரம் இருந்தது, பரிகாரத்துக்கு ரேட்டும் இருந்தது. சமணக் கணக்கில் கோபித்துக்கொள்ள ஆளே இல்லை. வெயிலில் நின்றால் சுடும் என்பதுபோல ஒரு கணக்கு. இது ஆறுதலா என்றால் முழுக்க ஆறுதலென்று சொல்ல வரவில்லை. நடுராத்திரியில் அழுகிறவளுக்குக் கோபித்துக்கொள்ளும் சாமியாவது துணைக்கு இருக்கிறார். இந்தப் பக்கம் அதுகூட இல்லை. இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சிறு வயதில் எனக்கு முன்னது வேண்டியிருந்தது, வயதான பிறகு பின்னது போதுமென்று ஆயிற்று. எல்லோருக்கும் அப்படி ஆக வேண்டும் என்பதில்லை.

இயக்கியரிடம் கேட்கலாமா என்ற விவகாரத்தில் சமணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. வடக்கே திகம்பரர்களில் தேராபந்தி என்ற பிரிவார் இயக்கியரை வணங்குவதே கூடாது என்கிறார்கள். பீசபந்தியார் வணங்கலாம் என்கிறார்கள். நம் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார்மார் கோயில்களில் தருமதேவிக்கும் பத்மாவதிக்கும் குறையில்லாத மரியாதை. சிதறாலுக்கு யாத்திரை வந்த நயினார் வீட்டுப் பெண் ஒருத்தியோடு அங்கேயே பழக்கமாயிற்று, என்னைவிட இளையவள். “பகவான்கிட்ட நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்களாமே, நெசமா?” என்று கேட்டேன். “கேக்கணும்னா அம்மாகிட்ட கேப்போம்க்கா. அவருகிட்ட போய் என்னத்தக் கேக்கறது?” என்று சிரித்தாள். அவள் வீட்டில் விளக்கு இரண்டு பேருக்கும் உண்டு. கேட்கும் இடம் ஒன்று, கேட்காத இடம் ஒன்று என்று பிரித்துவைத்து நிம்மதியாக இருக்கிறாள்.

என் நாத்தனார் மகள் இப்போது ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது. எதற்கு வருகிறாள் என்று நான் கேட்பதில்லை. மாமியார் எனக்குச் சொன்ன அந்த வாக்கியத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் பொட்டலம் நான் வாங்கிக் கொடுக்கிறேன். நாகருக்கு அவள் பால் ஊற்றும்போது நானும் ஊற்றுகிறேன். பிறகு மண்டபத்தில் அந்தத் தூணைக் காட்டி, இவர் பெயர் பார்சுவநாதர் என்று சொல்லிவைத்தேன். “இவரு என்ன குடுப்பாரு அத்தை?” என்றாள். “ஒண்ணும் குடுக்க மாட்டாரு” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னே எதுக்கு இத்தனை காலம் வச்சிருக்காங்க என்று கேட்டாள். அவள் வயசில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையைச் சிதறாலில் பார்த்த அந்தத் தோழிக்கு போனில் வாசித்துக் காட்டினேன். தலைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கொடுக்காத சாமி என்று எப்படிச் சொல்லலாம், முக்தி அடைவதற்கு முன்னால் சமவசரணம் என்ற சபையில் உட்கார்ந்து தேவர், மனிதர், மிருகம் எல்லோருக்கும் புரியும்படி வழியைச் சொல்லிவிட்டுத்தானே போனார், அது கொடை இல்லையா என்று கேட்டாள். கொடைதான், மறுக்கவில்லை. ஆனால் அது யாரும் கேட்காமலே பொதுவில் கொடுத்தது. நான் கேட்டது வேறு. அதை அவர் கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. தலைப்பை மாற்றாமல்தான் அனுப்புகிறேன்.